கோட்டில் நிற்காத கால்

என் கணவர் டொமினிக்கை அமெரிக்க ஃபுட்பால் விளையாட ஒரு கிளப் தெரிந்தெடுத்திருக்கிறது என்று நான் தொலைபேசியில் சொன்னபோது, டொரொண்டோவில் இருக்கும் என் தங்கை என் ஃபோன் கார்டில் மிச்சமிருந்த நேரம் முழுவதையும் சிரித்தே தீர்த்தாள். சிரிக்காமல் என்ன செய்வாள்? அந்த விளையாட்டை அவள் அங்கே டிவியில் பார்ப்பவள். அலுமாரி அளவு ஆட்கள் தலைக்கவசம் போட்டுக்கொண்டு ஒருவர்மேல் ஒருவர் விழுகிற விளையாட்டு அது. என் கணவருக்கோ முப்பத்தொரு வயது, ஒல்லி உடம்பு, காற்சட்டை வாங்கப் போனால் கடைக்காரி எங்களைப் பையன்களின் பகுதிக்கு அனுப்புவாள்.

உடம்பைக்கூட விடுங்கள். இவருடைய சுபாவத்தைச் சொன்னால் நீங்களும் சிரிப்பீர்கள். அப்போது நியூசிலாந்தில், ஓக்லாந்தின் ஈஸ்ட் டாமாக்கியில் ஒரு பண்டகசாலையில் போர்க்லிப்ட் ஓட்டிக்கொண்டிருந்தார். யார் என்ன சொன்னாலும் "ஓம்" என்று தலையாட்டுவார், இல்லாவிட்டால் "சொறி" என்று மன்னிப்புக் கேட்பார். ஒருமுறை கடையில் வாங்கிய, தண்ணீர் கொதிக்கவைக்கிற கேத்தில் முதல் நாளே ஒழுகியது. திருப்பிக் கொடுக்கப் போனவரிடம் கடைப் பெடியன் "முடியாது" என்று ஒரு சொல் சொன்னானாம். இவர் நன்றி சொல்லிவிட்டு ஒழுகுகிற கேத்திலைக் கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டார். பிறகு நான் போனேன். நான் போனால் கதை வேறு.

இப்படிப்பட்ட மனிதர் வாய் திறந்து சண்டை பிடிக்கிற இடம் உலகத்தில் ஒன்றே ஒன்றுதான். அது கிளித்தட்டு.

தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். நிலத்தில் நீளமாக ஒரு பெட்டி கீற வேண்டும். குறுக்கே கோடுகள், நடுவே ஒரு நெடுங்கோடு. காவல் காக்கிற பக்கத்தார் கோட்டுக்கு ஒருவராகக் கையை விரித்துக்கொண்டு நிற்பார்கள். மற்றப் பக்கத்தார் அவர்களிடம் தொடுபடாமல் ஒவ்வொரு கோடாகக் கடக்க வேண்டும். தொட்டால் ஆட்டம் போச்சு. ஆனால் தொடுகிறவருடைய கால் அவருடைய கோட்டில் இருக்க வேண்டும். கோட்டுக்கு வெளியே கால் வைத்துத் தொட்டால் அது செல்லாது. காவலுக்குத் தலைமை தாங்குகிற கிளி மட்டும் நெடுங்கோட்டிலும் பெட்டியின் சுற்றுக்கோட்டிலும் ஓடலாம். யாழ்ப்பாணத்தில் எங்கள் கொன்வென்ட் அணிக்கு நான்தான் கிளி.

தொண்ணூற்றாறாம் ஆண்டு ஓகஸ்டில் மடு மாதா திருநாளுக்கு இங்குள்ள தமிழ்க் கத்தோலிக்கக் குடும்பங்கள் எல்லாம் பூசை முடிய ஒரு பூங்காவில் கூடினோம். டொமினிக் மடுக் கோயில் இருக்கிற மன்னார் ஆள், அந்தத் திருநாள் இல்லாமல் அவருக்கு வருடம் ஓடாது. மழை விட்ட ஈரப் புல்லில் கோதுமை மாவால் கோடு போட்டுக் கிளித்தட்டு விளையாடினோம். எங்கள் ஃபாதரும் ஒரு கோட்டில் அங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு நின்றார். டொமினிக் வலப்பக்கம் போவதுபோலத் தோளைக் காட்டி இடப்பக்கத்தால் நழுவியபோது ஃபாதர் எட்டி முதுகில் தட்டினார்.

"ஃபாதர், செல்லாது!" என்று டொமினிக் கத்தினார். "உங்கட கால் கோட்டுக்கு வெளியில!"

"என்ர கால் கோட்டிலதான் மகன் நிண்டது."

"இல்லை ஃபாதர். இஞ்ச பாருங்கோ, சப்பாத்தில மா ஒட்டேல்லை!"

ஃபாதரின் காலில் இருந்த சப்பாத்தை ஊரே குனிந்து பார்த்தது. மா இல்லை. ஃபாதர் சிரித்துக்கொண்டே ஒப்புக்கொண்டார்.

இதை எல்லாம் ஒருவர் என் பக்கத்தில் நின்று, எங்களுடைய மட்டன் ரோல்ஸ் ஒன்றைக் கையில் வைத்துக்கொண்டு கடிக்க மறந்து பார்த்துக்கொண்டிருந்தார். பெயர் ரவிசங்கர். மலேசியத் தமிழர், இருபத்தேழு வயது இருக்கும். அமெரிக்காவில் பொறியியல் படித்தபோது அந்த ஃபுட்பால் பைத்தியம் பிடித்து, ஓக்லாந்தில் ஒரு சின்ன கிளப்புக்குப் பயிற்சியாளராக இருந்தார். பக்கத்துத் திடலில் அவருடைய ஆட்கள் பயிற்சி செய்துகொண்டிருந்தார்கள். ரோல்ஸ் வாசம் இவரை மட்டும் இங்கே இழுத்துக்கொண்டு வந்திருந்தது.

"அக்கா, அவரு யாரு?"

"என்ர மனுசன்."

"அவரை யாராலயும் தொட முடியலையே லா!"

"நான் தொடுவன்" என்றேன். உண்மையைத்தானே சொல்ல வேண்டும்.

அந்த விளையாட்டுக்கு அப்போது ஓக்லாந்தில் நான்கே கிளப்புகள். புதிதாக விளையாட வருகிறவர்களை ஒரு கிளப்பே அள்ளிக்கொண்டு போகாமலிருக்க ஒரு முறை வைத்திருந்தார்கள். புதியவர்களை எல்லாம் ஒருநாள் வரிசையாக நிற்கவைத்து, கிளப்புகள் மாறி மாறி ஒவ்வொருவராகத் தெரிந்தெடுக்கும். போன வருடம் கடைசியாக வந்த கிளப்புக்கு முதல் தெரிவு. கடைசியாக வந்தது, வேறு யார், ரவிசங்கரின் கிளப்தான்.

ரவிசங்கர் வரச் சொன்னதும் இவர் வழக்கம்போல "ஓம்" என்றுவிட்டார்; அடுத்த ஞாயிறு ஹென்டர்சன் பக்கத்தில் ஒரு கிளப் ரூமுக்குப் போனோம். வரிசையில் நின்றவர்களைப் பார்த்ததும் எனக்குத் திரும்பிப் போய்விடலாம் போலிருந்தது. சமோவா, தொங்கா என்ற பசிபிக் தீவுகளின் பெடியன்கள், இந்த நாட்டு மாவோரிப் பெடியன்கள், ஒவ்வொருவனும் கதவை மறைக்கிற அளவு. அதில் ஒருவனை ரவிசங்கருடைய கிளப்பின் தலைவர், சிவந்த முகத்து வெள்ளைக்காரர், கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லோரும் அவனைத்தான் கேட்பார்கள் என்று எனக்கே தெரிந்தது.

ரவிசங்கர் எழுந்து, "டொமினிக்" என்றார்.

கூடத்தில் சிரிப்பு. தலைவர் தலையில் கை வைத்தார். டொமினிக் பின்னால் திரும்பிப் பார்த்தார், வேறு ஒரு டொமினிக் நிற்கிறானோ என்று.

அந்த நேரத்தில் அவருடைய முகத்தை நான் பார்த்தேன். இந்த நாட்டுக்கு வந்து நான்கு வருடம். விசா தந்தார்கள், வேலை தந்தார்கள், ரானுயியில் ஒரு வீடு வாடகைக்குத் தந்தார்கள். குறை சொல்லவில்லை. ஆனால் தந்ததை வாங்கிக்கொண்டோமே தவிர, எங்களை வேண்டும் என்று ஒருவரும் கேட்டதில்லை. அவ்வளவு பேர் நின்ற வரிசையில் ஒருவர் எழுந்து என் கணவரை முதல் ஆளாக வேண்டும் என்று கேட்டார். எனக்குக் கண் கலங்கிவிட்டது. டொமினிக் காது வரைக்கும் சிவந்து, "சொறி" என்றார்.

தலைவர் மட்டும் ஒரு நிபந்தனை போட்டார். மூன்று ஆட்டம் பார்ப்போம், சரிவராவிட்டால் ஆளை விடுவித்து அந்த இடத்தை வேறொருவனுக்குக் கொடுப்போம் என்றார். டொமினிக் "ஓம்" என்றார். ஆனால் அன்றிரவு அந்தக் கிளப்பின் பச்சைச் சட்டையை மடித்துத் தலையணைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டுத்தான் படுத்தார். அவர் எதையாவது அப்படி வைத்துப் படுத்து நான் கண்டதில்லை.

பயிற்சி தொடங்கியது. முதல் நாள் தலைக்கவசத்துக்குள் இவருடைய தலை தனியாகச் சுற்றியது. பந்தைப் பிறந்த பிள்ளையைப் போல இரண்டு கையாலும் ஏந்தினார். அதெல்லாம் போகப் போகச் சரிவந்தது. ஓட விட்டபோதோ, பயிற்சிக்கு வந்த அத்தனை பேரும் வாய் பிளந்தார்கள். இவரை மறிக்க வந்தவன் காற்றைக் கட்டிப்பிடித்தான். அடுத்தவன் தன் கூட்டாளியையே கட்டிப்பிடித்தான். ரவிசங்கர் தொப்பியைக் கழற்றி மேலே எறிந்தார்.

அப்போது ஒருவனுடைய விரல் நுனி டொமினிக்கின் முதுகில் பட்டது. பட்டதும் இவர் நின்றார். பந்தை மெதுவாகப் புல்லில் வைத்தார். கையை உயர்த்திக்கொண்டு ஓரமாக நடந்து வந்தார்.

"அண்ணே! என்னண்ணே பண்றீங்க?"

"அவர் தொட்டுட்டார் தம்பி."

ரவிசங்கர் பொறுமையாக விளக்கினார். இந்த விளையாட்டில் தொடுவது ஒரு பொருட்டே இல்லை. ஆளைப் பிடித்து நிலத்தில் விழுத்தினால்தான் ஆட்டம் நிற்கும். அதற்கு முன்னால் பந்தைக் கீழே வைத்தால், "இந்தாங்க, எடுத்துக்கங்க" என்று எதிரிக்குக் கொடுக்கிற மாதிரி. யாரும் எடுத்துக்கொண்டு ஓடலாம். டொமினிக் எல்லாவற்றுக்கும் "ஓம், ஓம்" என்று தலையாட்டினார். அடுத்த தடவை ஓடி, விரல் பட்டதும் பந்தைக் கீழே வைத்தார்.

மூளைக்கு விளங்கியது, உடம்புக்கு விளங்கவில்லை. சின்ன வயதிலிருந்து தொடுபட்டால் தானே ஒப்புக்கொண்டு வெளியே வருகிற மனிதர். தொட்டவனே கவனிக்காவிட்டாலும் இவர் சொல்லிவிடுவார். ரவிசங்கர் ஒரு வைத்தியம் கண்டுபிடித்தார். தொட்டுத் தொட்டே மரத்துப்போகச் செய்கிறேன் என்று, பயிற்சி நேரம் முழுவதும் ஆட்களை விட்டு இவரைத் தட்டச் சொன்னார். இடைவேளையில் தேநீரோடு நின்றவரை ஒரு தொங்காப் பெடியன் வந்து தோளில் தட்டினான். டொமினிக் குனிந்து கோப்பையைப் புல்லில் வைத்தார். நான் சிரித்த சிரிப்பில் எனக்கு விக்கல் எடுத்தது.

முதல் ஆட்டத்தன்று சிரிப்பு வரவில்லை. டொமினிக் பந்தோடு பாதித் திடலைத் தனியாகக் கடந்தார். எதிரிகள் ஈரப் புல்லில் சறுக்கி விழுந்தார்கள். கடந்தால் புள்ளி கிடைக்கிற எதிர்முனைக் கோடு கைக்கெட்டும் தூரம். பின்னால் துரத்தி வந்த ஒருவனுடைய கை இவருடைய இடுப்பில் உரசியது. இவர் நின்று, பந்தை அழகாக, முட்டை வைப்பதுபோல, வைத்தார். அவன் ஒரு கணம் நம்பாமல் பார்த்தான். பிறகு எடுத்துக்கொண்டு மற்றப் பக்கம் வரைக்கும் ஓடினான். தோற்றோம்.

இரண்டாவது ஆட்டத்திலும் அதேதான். இந்த முறை டொமினிக் பந்தை வைத்துவிட்டு, அதைத் தானே கண்டு திடுக்கிட்டு, திரும்ப எடுக்கக் குனிந்தார். பிந்திவிட்டது. தலைவர் ரவிசங்கரைத் தள்ளிக் கொண்டுபோய் ஏதோ கத்தினார். ரவிசங்கர் முகம் தொங்கி வந்தார்.

"அண்ணே, அடுத்த ஆட்டம்தான் கடைசி. அதுக்கப்புறம் என் பேச்சு எடுபடாது."

"பரவாயில்லைத் தம்பி. நீங்கள் கேட்டதே பெரிய காரியம். நான் சட்டையைக் கழுவித் தாறன்."

கழுவித் தருகிறாராம்! எனக்குக் கோபம் உச்சியில் ஏறிவிட்டது. கார்ச் சாவியை அவர் கையிலிருந்து பறித்து நானே ஓட்டினேன்.

"இஞ்சேரப்பா, உங்களுக்கு அந்த டீமில இருக்க விருப்பமோ இல்லையோ?"

"அதை விடு மலர்."

"விடமாட்டன். இண்டைக்கு அவன் உங்களைத் தொட்டவன். எங்க நிண்டு தொட்டவன்?"

"பின்னால வந்து..."

"அவன்ர கால் எங்க இருந்தது? கோட்டிலயோ?"

அந்தத் திடலிலும் குறுக்கே வெள்ளைக் கோடுகள்தான், வரிசையாக, ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை. இரண்டு ஆட்டமும் ஓரத்தில் நின்று அவற்றைப் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே அப்போதுதான் விளங்கியது.

"இல்லை" என்றார் டொமினிக் மெதுவாக. "ரெண்டு கோட்டுக்கு நடுவில."

"போன முறை தொட்டவன்?"

"அவனும் இல்லை."

"ஆராவது ஒருத்தன் ஒழுங்காக் கோட்டில நிண்டு உங்களைத் தொட்டவனோ?"

"ஒருத்தரும் இல்லை. எல்லாரும் கண்டபடி ஓடித் திரியினம்."

"அப்ப செல்லாதெல்லே! மடு மாதா திருநாளில ஃபாதரையே விடேல்லை. இவங்களிட்ட ஏன் வாயை மூடிக்கொண்டு பந்தை வைச்சனீங்கள்?"

"அது அவயின்ர கோடு மலர். அவயின்ர விளையாட்டு. நாங்கள் வந்து சேர்ந்த ஆக்கள். அவை தொட்டா தொட்டதுதானே?"

நான் காரை ஓரங்கட்டி நிறுத்தினேன். பின்னால் ஒருவன் ஹோர்ன் அடித்தான். அடிக்கட்டும்.

"கோடு எல்லா நாட்டிலயும் கோடுதான்!" என்று கத்தினேன். "கால் வெளியில எண்டா மன்னாரிலயும் செல்லாது, ஓக்லாந்திலயும் செல்லாது!"

டொமினிக்கின் கழுத்து நிமிர்ந்தது. ஃபாதருடைய சப்பாத்தைக் காட்டியபோது இருந்த அதே முகம்.

"ஓம்" என்றார். "செல்லாதுதான். என்ன விளையாட்டு விளையாடுறாங்கள் இவங்கள்?"

அடுத்த பயிற்சிக்கு நானும் போனேன். ரவிசங்கரிடம் விஷயத்தைச் சொன்னேன். அமெரிக்காவில் படித்தவர், என்னை ஒரு மாதிரிப் பார்த்தார்.

"அக்கா, இந்த விளையாட்டுல அப்படி ஒரு சட்டமே கிடையாதே."

"உங்களுக்குக் கிடையாது. இவருக்கு இருக்கு. விடுங்கோவன், பாப்பம்."

டொமினிக் பந்தோடு ஓடினார். அந்தத் தொங்காப் பெடியன் எட்டி முதுகில் அறைந்தான். நான் ஓரத்தில் நின்று, "செல்லாது!" என்று கத்தினேன். டொமினிக்கின் கால் ஒரு கணம் தயங்கியது, பிறகு ஓடியது. அடுத்தவன் சட்டையைப் பிடித்தான். "செல்லாது!" என்று இந்த முறை டொமினிக்கே கத்தினார். கத்திக்கொண்டே உதறிவிட்டு ஓடினார். ரவிசங்கர் புல்லில் குந்திவிட்டார். மாலை முடிவதற்குள் அணி முழுவதும் அந்தச் சொல்லைப் பாடமாக்கி, இவர் பந்தை எடுக்கும்போதெல்லாம் சமோவாக் குரலிலும் மாவோரிக் குரலிலும் "செல்லாது" என்று கூவியது. நியூசிலாந்தில் தமிழ் இப்படி வளரும் என்று யார் கண்டது?

மூன்றாவது ஆட்டத்துக்கு ஃபாதர் ஒரு வான் வண்டி நிறைய ஆட்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். ரோல்ஸும் வந்தது. அன்றைக்கு டொமினிக்கை நீங்கள் பார்த்திருக்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்திலும் இரண்டு பேர், மூன்று பேர் இவரைத் தொட்டார்கள், இழுத்தார்கள். ஒவ்வொருவனுக்கும் இவர் "செல்லாது" என்று தீர்ப்புச் சொல்லிக்கொண்டே போனார். விழுத்தியபோது விழுந்தார், பந்தை வயிற்றோடு அணைத்தபடி. எழும்பி, விழுத்தியவனுடைய காலைப் பார்த்துத் தலையை ஆட்டினார். அந்தப் பெடியன்கள் இவர் தங்களைத் திட்டுகிறார் என்றே நினைத்திருப்பார்கள்.

ஆனால் எதிர் அணி பலமான அணி. கடைசிச் சில நிமிடங்களில் நாங்கள் நான்கு புள்ளி பின்னால். ஒரு டச் டவுன், அதாவது எதிர்முனைக் கோட்டைப் பந்தோடு ஒரு தடவை கடந்தால் போதும், ஆறு புள்ளி. தலைவர் கையைக் கட்டிக்கொண்டு நின்றார். ரவிசங்கர் பந்தை டொமினிக்குக் கொடுக்கச் சொன்னார்.

டொமினிக் ஓடினார். முதலாமவனை நழுவினார். இரண்டாமவன் சறுக்கினான். மூன்றாமவன் தோளைப் பிடித்து இழுத்தான், "செல்லாது!" எங்கள் ஆட்கள் எல்லோரும் கத்தினார்கள், ஃபாதரும் கத்தினார். இனி மிச்சம் ஒருவன். கடைசிக் கோட்டுக்கு முந்திய கோட்டில் ஒரு நெட்டையன் நின்றான். மற்றவர்களைப் போல ஓடி வரவில்லை. யாரோ யாழ்ப்பாணத்தில் பழக்கிவிட்டதுபோல, கையை விரித்து, முழங்காலை மடித்து, இரண்டு காலையும் வெள்ளைக் கோட்டில் வைத்துக்கொண்டு காத்து நின்றான்.

டொமினிக் வலம் காட்டி இடம் போனார். நெட்டையன் ஏமாறவில்லை. நீட்டிய கை இவருடைய நெஞ்சில் முழுதாகப் பட்டது. அவனுடைய கால் இரண்டும் கோட்டில்.

நான் கிளியாக இருந்தவள். எனக்கு அது தப்பாது. அது நல்ல தொடுகை. ஊரில் என்றால் ஒருவரும் சண்டைக்கு வர முடியாது. என் வாயில் "செல்லாது" என்ற சொல் வரவில்லை. டொமினிக்கும் கீழே பார்த்தார், அந்தக் காலைப் பார்த்தார். ஓட்டம் தளர்ந்தது. முழங்கால் மடிந்தது. பந்து பிடித்த கை கீழே இறங்கத் தொடங்கியதை நான் கண்டேன். மாதாவே என்று கண்ணை மூடப் போனேன்.

கை பாதி வழியில் நின்றது. டொமினிக் பந்தைத் திரும்ப மேலே இழுத்து, அக்குளுக்குள் செருகி, நெட்டையனுடைய கையைத் தட்டிவிட்டு ஓடினார். கோட்டைக் கடந்தார்.

பிறகு நடந்தது ஒன்றும் எனக்கு ஒழுங்காக நினைவில்லை. அணி முழுவதும் இவர்மேல் ஏறி விழுந்தது. ரவிசங்கர் அழுதுகொண்டே சிரித்தார். தலைவர் திடலுக்குள் ஓடி, டொமினிக்கைத் தூக்கிச் சுற்றி, இனி இந்தச் சட்டை உன்னுடையது, எந்த நாளைக்கும் உன்னுடையது என்று ஆங்கிலத்தில் கத்தினார். ஃபாதர் எதிர் அணிக்காரர்களுக்கும் ரோல்ஸ் கொடுத்தார்.

டொமினிக் எல்லோரையும் விலக்கிக்கொண்டு என்னிடம் வந்தார். முகம் முழுக்கச் சேறு. அவர் சிரிக்கவில்லை.

"மலர், அவன் கோட்டிலதான் நிண்டவன்."

"கண்டனான்."

"ரெண்டு காலும்."

"ஓம், ரெண்டு காலும்."

"அப்ப நான் அளாப்பிப் போட்டன்."

விளையாட்டில் கள்ளம் செய்வதை எங்கள் பக்கம் அப்படித்தான் சொல்வோம். வாழ்க்கையில் ஒருமுறைகூட அளாப்பியிராத மனிதர், ஒரு சட்டமும் மீறாத ஓட்டத்துக்குப் ஃபாதரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வதுபோல என் முன்னால் நின்றார்.

"பிறகேனப்பா நிக்கேல்லை?" என்று கேட்டேன்.

அவர் சட்டையைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"எனக்கு வேணும்போல இருந்தது" என்றார்.

அதுவரை ஒன்பது வருடம் இந்த மனிதரோடு குடும்பம் நடத்தியிருந்தேன். கறியில் உப்பு வேண்டும் என்றுகூடக் கேட்டதில்லை. கொடுத்ததைச் சாப்பிடுவார், சொன்ன இடத்தில் நிற்பார், தொட்டால் வைத்துவிட்டு வருவார். எனக்கு வேணும் என்று அவருடைய வாயிலிருந்து நான் கேட்டது அன்றைக்குத்தான்.

"ஓம், அளாப்பினதுதான்" என்றேன். "வடிவா அளாப்பினீங்கள்."

அதற்குப் பிறகுதான் அவர் சிரித்தார். நான் அந்தச் சேற்று முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, திடல் முழுவதும் பார்க்க முத்தம் கொடுத்தேன். ஃபாதர் கையிலிருந்த ரோல்ஸை மிகக் கவனமாகப் பார்த்துக்கொண்டு நின்றார்.